பாரை மீனுக்கு நான் போட்ட லிஃப்ட் பிரேக்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியதைத் தவிர வேறு எந்தத் துணிச்சலான காரியமும் செய்தறியாத மாப்பிள்ளை எழுதும் கடிதம். இங்கே உங்கள் தங்கை நலம், உங்கள் மருமகள் நலம், மாடி வீட்டுக்காரரின் நாய்கூட நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசிவரை படித்தால் தெரிந்துகொள்வீர்கள். நீங்களும் அக்காவும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் இதுவரை யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்தச் சிரமம்.

விஷயம், நீங்கள் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த அந்த வரன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பையன். "தங்கமான பையன் மாப்ள, வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது" என்று சொன்னீர்கள். கடிக்கத் தெரியாதவனை வீட்டுக்குள் கொண்டுவந்து நான் என்ன செய்வது, மச்சான்? அவன் செய்கிற தொழில் அவன் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து உங்கள் முன்னால் வைப்பான். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே, ஜன்னல் பக்கம் எழுந்து போய், "மாமா, வெயில் மூஞ்சில அடிக்குதே, ஸ்க்ரீன் இப்படி இருக்கட்டுமா, இல்ல இப்படியா? இப்ப எப்படி இருக்கு? இப்ப?" என்று இழுத்து இழுத்துக் காட்டினான். எனக்குத் தலை சுற்றியது. உங்கள் தங்கையோ, என்ன அக்கறை பாருங்கள் என்று உருகிப் போனாள். வீட்டுக்கு வந்து திரைச்சீலையை ஆட்டுவதெல்லாம் அக்கறை என்றால் காற்றுக்குத்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும்.

நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மகள்தான் தடுத்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு மனசு இல்லேன்னா இது வேண்டாம்ப்பா. முணுமுணுத்துக்கிட்டே சம்மதிக்கிறதும் வேண்டாம். ஒரு நாள் முழுசா அவர்கூட இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள். சொன்னபடியே நிற்கிற பெண் அவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு நாளைத்தான் அந்தப் பையன் கடலில் ஏற்பாடு செய்தான். பவளப்பாறைகள் இருக்கிற இடத்துக்குப் படகில் போய், தூண்டில் போட்டு, பெரிய பெரிய மீன்களைப் பிடிப்பதாம். பிடித்த பிறகு? "ஒரு போட்டோ எடுத்துட்டு, காயமில்லாம திருப்பித் தண்ணியில விட்ருவோம் மாமா." திருப்பி விடுவதற்கு எதற்கு ஐயா பிடிக்க வேண்டும்? நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடியும் அதைக் கெடுத்து வைத்துவிட்டு வந்திருந்தால் என்னை விட்டிருப்பார்களா?

மறுநாள் தூண்டில் சாமான் கடைக்குப் போனோம். அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே ஜன்னல் கண்ணாடி முழுக்க மீன் படம். உள்ளே ஏசி. ஏசிக்குள் கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியும், கழுத்தை மூடுகிற துணி வைத்த தொப்பியும், உடம்பெல்லாம் பையாக ஒரு சட்டையும் போட்டு நின்றார். அடுத்த நிமிடமே கடல் உள்ளே வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி இருந்தார். சுவர் நெடுக பொய் மீன்கள் தொங்கின. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்து, இளஞ்சிவப்பு, பச்சை, தங்க நிறமெல்லாம் பூசி, பெரிய பெரிய கண் வரைந்து, வயிற்றில் கொக்கி வைத்திருக்கிறார்கள். "இது தண்ணி மேல டொபுக் டொபுக்னு சத்தம் போட்டுக்கிட்டே வரும் சார், பாரைக்கு அந்தச் சத்தம் கேட்டா ரத்தம் கொதிச்சிடும்" என்றார் தொப்பிக்காரர். எந்த மீன் அவரிடம் வந்து அப்படிச் சொன்னது என்று கேட்டேன். நம் பையன் உடனே இரண்டு பொய் மீன்களைக் கையில் எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்து, "மாமா, இதுவா, இதுவா?" என்று ஆரம்பித்துவிட்டான். ஒன்று நீலம், ஒன்று வெள்ளி. நீலம் என்றேன். நீலத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். "இப்ப இதுவா, இதுவா?" இப்படியே சுவர் முழுவதையும் காட்டி, கடைசியில் முதலில் எடுத்த நீலத்திலேயே வந்து நின்றான். கண் பரிசோதனை முடிந்து எழுத்தைப் படிக்கச் சொல்லாததுதான் பாக்கி.

கம்பிலும் ரீலிலும்தான் எங்களுக்கு முட்டிக்கொண்டது. ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு சுலபமாக உருவிக்கொண்டு ஓடலாம் என்பதை அதில்தான் வைக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் அது பிரேக். பையன் என்ன சொன்னான் தெரியுமா? "நூல் தாங்குற எடையில மூணுல ஒரு பங்குக்கு பிரேக்க வச்சாப் போதும் மாமா. அதுக்கு மேல இழுத்தா ரீல் விட்டுக்கொடுக்கணும். மீன் ஓடிக் களைக்கட்டும், அப்புறம் நாம சுத்தலாம்." விட்டுக்கொடுக்கிற பிரேக்காம்! மச்சான், விட்டுக்கொடுக்கிற பிரேக்கை நம்பி மாடியிலிருந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லோரும் கட்டுப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். என் கையால் பிரேக் வைத்த லிஃப்ட் ஒன்றாவது ஒரு விரற்கடை வழுக்கியது என்று யாராவது சொல்லட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். அதோடு விட்டானா? நூலையும் கொக்கிக் கம்பியையும் முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டுமாம், முடிச்சை இறுக்கும் முன்னால் எச்சில் தொட வேண்டுமாம். தொப்பிக்காரரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எச்சில்! நாளைக்கு என் மகளுக்கு வீடு கட்டினால் அதையும் எச்சில் தொட்டுத்தான் ஒட்டுவான் போலிருக்கிறது.

அவன் காட்டிய நடுத்தரமான கம்பையும் நூலையும் ஒதுக்கிவிட்டு, கடையிலேயே தடிமனான கம்பு, பெரிய ரீல், துணி காயப்போடலாம் போன்ற நூல் எல்லாவற்றையும் நானே எடுத்தேன். "சார், இது சுறாவுக்கு" என்றார் தொப்பிக்காரர். "சுறா வந்தா வரட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாள் விரித்து, ரீலைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால், பிரேக் என்ற பெயரில் வழுவழுவென்று நாலைந்து வட்டத் தட்டுகள், எண்ணெய் வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். பிரேக்குக்கு எண்ணெய் போடுகிறவனை என்னவென்று சொல்வது? அந்தத் தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் பழைய பெட்டியில் இருந்த லிஃப்ட் பிரேக்கின் சொரசொரப்பான லைனிங் பட்டையை வட்டமாக வெட்டிப் பொருத்தினேன். ரீலைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பார்த்தேன், கதவு வந்தது, நூல் வரவில்லை. முடிச்சுக்குப் பதிலாக, இரும்புக் கயிறுக்குப் போடுகிற சின்ன கிளாம்ப்புகளை வைத்து ஸ்பானரால் இறுக்கினேன். கடைசியாக, உயரத்தில் வேலை செய்யும்போது நான் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டி, அதன் கொக்கியைக் கம்போடு பூட்டினேன். கம்பு கை தவறிக் கடலில் விழுந்துவிடக் கூடாது பாருங்கள். உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "மீன் பிடிக்கப் போறீங்களா, மீன மேல் மாடிக்கு ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். உங்கள் குடும்பத்து நகைச்சுவை.

படகில் ஏறியதும் படகுக்காரர் என் ஏற்பாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வெயிலில் சுருங்கிப்போன முகம், வாயில் குச்சி, உலகத்தில் எதுவும் புதிதில்லை என்கிற பார்வை. "என்னங்க இது, ஆளு கம்புக்குக் காவலா, கம்பு ஆளுக்குக் காவலா?" என்றார். பையன் என் காதோரம் வந்து, "மாமா, பெல்ட்ட மட்டுமாவது கழட்டிடுங்களேன்" என்றான். "உன் வேலை கண்ணு, என் வேலை கயிறு. அவங்கவங்க வேலையப் பாப்போம்" என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் பக்கம் போய்விட்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பவளப்பாறை பக்கம் போனதும் தண்ணீர் பச்சையாகத் தெளிந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது, அதற்கு அந்தப் பையன் பொறுப்பில்லை. நீலப் பொய் மீனை வீசினேன். அது டொபுக் டொபுக் என்று வந்தது. தொப்பிக்காரர் சொன்னதில் உண்மையான ஒரே வார்த்தை அதுதான்.

அடுத்து நடந்ததை முழுவதும் சொல்கிறேன், ஆனால் இது உங்கள் தங்கை காதுக்குப் போகக் கூடாது. தண்ணீர் வெடித்தது. ஒரு பாரை, சின்ன மேசை அளவு இருக்கும், நீலத்தை விழுங்கிவிட்டுப் பாறைக்குள் இறங்கப் பார்த்தது. நூல் அறவில்லை. கிளாம்ப் நழுவவில்லை. பிரேக், மச்சான், ஒரு மயிரிழை வழுக்கவில்லை. நான் செய்த எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது. வழுக்கக்கூடியதாக அந்தப் படகில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான், ஆகவே நான் வழுக்கினேன். தளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நின்றபடியே சறுக்கிக்கொண்டு போய்க் கம்பிவேலியில் மோதினேன். கம்புக்கும் வேலிக்கும் நடுவில் வலது மணிக்கட்டு மாட்டி 'மடக்' என்றது. இடுப்புக்கு மேலே இருந்த நான் கடலுக்குள், இடுப்புக்குக் கீழே இருந்த நான் படகுக்குள். படகுக்காரர் வாயிலிருந்த குச்சியைத் துப்பிவிட்டு ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தினார். உங்கள் தங்கமான பையன் அந்த நேரத்தில் ஓடிவந்து என்ன கேட்டான் தெரியுமா? "மாமா, நூல வெட்டவா, பெல்ட்டக் கழட்டவா?" தலைகீழாகத் தொங்குகிறவனிடம் இதுவா அதுவா! "ரெண்டும் வேணாண்டா, மீனப் பிடிடா!" என்று கத்தினேன். அவன் இடுக்கியை எடுத்து நூலில் வைத்துப் பார்த்தான். வெட்டவில்லை, நான் வாங்கிய நூல் அது, எப்படி வெட்டும்? பெல்ட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்தார்கள். எடை தொங்கும்போது திறக்காத கொக்கி, அதுவும் என் தேர்வுதான். உடனே அவன் ஒரு காலை வேலியில் ஊன்றி, விறைத்து நின்ற நூலை வெறுங்கையில் சுற்றிப் பிடித்து, மீன் இருந்த பக்கத்திலிருந்து என் பக்கம் இழுத்தான். கொக்கியில் ஒரு விரல் அளவு தொய்வு வந்தது, அந்த இடைவெளியில் படகுக்காரர் அதைக் கழற்றினார். கம்பு, ரீல், நூல், நீல மீன், எல்லாம் கடலுக்குள் போயிற்று. இழுவையில் நிற்கிற கயிற்றை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது என் தொழிலில் முதல் நாள் பாடம். அதுகூடத் தெரியாத மண்டூகம். அவன் சொன்னபடியே மீனைப் பிடித்தோம், திருப்பியும் விட்டோம். போட்டோ ஒன்று படகுக்காரர் எடுத்திருக்கிறார், அதில் என் கால்கள் மட்டும் தெரிகின்றன.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறந்த உங்கள் தங்கை அலறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பெரிய அலை அத்தை. நான்தான் வழுக்கி வேலிப் பக்கம் போயிட்டேன். மாமா பாய்ஞ்சு என்னப் பிடிச்சாங்க, அதுலதான் கையில அடி." கண் இமைக்காமல் பொய்! மாமியாராகப் போகிறவளிடமே இப்படி என்றால் பெண்டாட்டியிடம் என்னென்ன சொல்வான்? நான் மறுக்கலாம் என்றுதான் பார்த்தேன். அதற்குள் உங்கள் தங்கை என் தலையைத் தடவிக்கொண்டு, "இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு மனுஷனா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் போய் உண்மையைச் சொல்வதற்கு எனக்கென்ன பைத்தியமா? இப்போது மாடி வீட்டுக்காரர் தினமும் வந்து என்னை வீரன் என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறார். ஒரு பொய்யை என் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அவன் பாட்டுக்கு மாத்திரை வாங்கித் தருகிற சாக்கில் தினமும் வந்து போகிறான்.

ஆகவே மச்சான், என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பில்லாதவன், ஆபத்து நேரத்தில் கேள்வி கேட்கிறவன், கயிற்றைத் தொடத் தெரியாதவன், கூசாமல் பொய் சொல்கிறவன், எச்சிலை நம்புகிறவன். இப்படிப்பட்ட ஒருவனுக்குப் பெண் கொடுக்க எனக்கு மனம் இல்லை. என் மகளுக்கு இவனைவிட நல்ல இடம் கிடைக்கும். அவன் வீட்டார் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், நீங்களே கொண்டுபோய் விடுங்கள். மகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், இனிமேலாவது ஆளைப் பார்த்து எடை போடுகிற கண்ணும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: என் வலது கையில் மாவுக்கட்டு என்று மேலே சொன்னேன். பிறகு இந்தக் கடிதத்தை யார் எழுதுவது? உங்கள் தங்கையை எழுதச் சொன்னால் வீரம் வெளுத்துவிடும். மகளை எழுதச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நடந்தது தெரிந்தவன் இந்த வீட்டில் ஒருவன்தான், மாத்திரையோடு வந்து நின்றான். வேண்டுமென்றேதான் அவனைக் கூப்பிட்டு, பேனாவைக் கொடுத்து, கதவைச் சாத்தினேன். பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போவான், வேண்டாம் என்பதற்கு இன்னும் ஒரு காரணம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். போகவில்லை. தலை நிமிராமல் எழுதினான். தன்னைத் திட்டிய வார்த்தை ஒன்றையும் குறைக்கவில்லை, திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஒரே ஒரு இடத்தில்தான் வாயைத் திறந்தான். "மாமா, 'முட்டாள்'னு போடவா, 'மண்டூகம்'னு போடவா? எது சரியா இருக்கு?" என் மகளுக்கு நல்ல இடம் கிடைக்கும் என்று சொன்ன வரியில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, எழுதினான்.

எல்லாம் எழுதி முடித்து, அந்த டம்ளரை மறுபடி எடுக்க அவன் கையை விரித்தபோதுதான் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் குறுக்கே உரிந்து கிடக்கின்றன. பேனாவை விரல் நுனியில் பிடித்துத்தான் இத்தனை பக்கமும் எழுதியிருக்கிறான். மருத்துவமனையில் என் கையை மட்டும் காட்டினானே தவிர, தன் கையைக் காட்டவே இல்லை. இடது கையால் களிம்பு டப்பாவைத் தேடி எடுத்து அவன் முன்னால் வைத்தேன், மச்சான். மேலே நான் சொன்ன எதையும் அவன் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை, நேரமில்லை, தபால்காரர் வந்துவிடுவார். அவன் வீட்டாரிடம் என் பதிலாகச் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: சரி. இத்தனை வசவையும் அச்சடித்த மாதிரி எழுதியவன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கோணல்மாணலாக எழுதிவிட்டான். திருத்தி எழுதுகிறேன் என்கிறான், நான் விடவில்லை.